வெட்டிய காட்டின் நிழல்

டான்யூப் ஆறு ருமேனியாவின் தெற்கு ஓரமாக ஓடி ஓடி, தூக்க முடியாத மணலையெல்லாம் இறக்கிவைத்துவிட்டுப் போன இடத்தில் நிசிபெனி என்று ஒரு ஊர் இருந்தது. இன்னும் இருக்கிறது, ஆனால் பாதி வீடுகளின் கதவை மணல் வெளியிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது, மீதி வீடுகளில் இருப்பவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் மண்வெட்டியைத் தேடுகிறார்கள், பிறகுதான் செருப்பை. அந்த ஊரில், ஈஸ்டர் முடிந்த இரண்டாவது திங்கட்கிழமை காலையில், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் வெட்டித் தீர்த்த வேலங்காட்டின் நிழல் திரும்பி வந்தது. மரம் வரவில்லை, நிழல் மட்டும் வந்தது.

கேட்டை அடைத்திருந்த மணலை அள்ளிக்கொண்டிருந்த வொய்கு என்கிற கிழவன்தான் அதை முதலில் பார்த்தான். ஊருக்கு வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டையாகக் கிடந்த மணல்மேட்டின் மேல், அடிமரம் கிளை இலை என்று எதுவும் குறையாமல், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிழல்கள் படுத்திருந்தன, அவற்றுக்கு மேலே வெறும் வானம் இருந்தது. வொய்குவுக்கு ஆச்சரியமாக இல்லை, பயமாகத்தான் இருந்தது. ஏனென்றால் ஒவ்வொரு நிழலையும் அவனுக்கு அடையாளம் தெரிந்தது: அது இரட்டைக் கிளை மரம், அது காக்கைக் கூடு இருந்த மரம், அதோ அது, அறுக்கும்போது மெஷினின் சங்கிலியைக் கவ்விக்கொண்டு அரை நாள் அடம்பிடித்த மரம். அத்தனையையும் வெட்டியவன் அவன்தான். மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டான்.

அந்தப் பழைய கதையைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மணல் ஊருக்குள் நடந்து வராமல் இருக்க, யாரோ புண்ணியவான்கள் ஒரு காலத்தில் அங்கே வேலமரங்களை நட்டிருந்தார்கள், வேர்கள் மணலைப் பிடித்துக்கொண்டன, காட்டுக்குத் தெற்கே கம்பும் தர்பூசணியும் திராட்சையும் விளைந்தன, ஆற்றுத் தண்ணீரைப் பம்ப் வைத்து வாய்க்காலில் விட்டார்கள். பிறகு தலைநகரத்தில் ஆட்சி கவிழ்ந்தது. புதிதாக வந்தவர்கள், பழையவர்கள் பறித்ததை அவரவருக்கே திருப்பித் தருகிறோம் என்று சொல்லி, காட்டைப் பழைய வேட்டி கிழிப்பதுபோல நீளநீளமாகக் கிழித்து வீட்டுக்கு ஒரு கீற்றுக் கொடுத்தார்கள். இன்று கொடுத்தவன் நாளைக்குப் பிடுங்குவான், அதற்குள் வெட்டி விறகாக்கிவிட வேண்டும் என்று ஊரே நினைத்தது, ஊர் முழுக்க மெஷின் ரம்பம் வைத்திருந்தவன் வொய்கு ஒருத்தன்தான். 'வொய்கு, நாளைக்கு என் கீற்று', 'வொய்கு, அதற்கு மறுநாள் என் கீற்று' என்று அவன் வாசலில் வரிசை நின்றது. இரண்டு குளிர்காலம் வெட்டினான். மூன்றாவது வசந்தத்தில் மணல் எழுந்து வந்தது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். வெட்டச் சொன்னது அறுபது வாய், வெட்டியது ஒரு கை, அறுபது வாயும் சேர்ந்து அந்த ஒரு கையைப் பழித்தன. யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. சர்ச்சில் அவனுக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக விடப்பட்டது. அவன் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது, வெளியே வந்தால் தொடர்ந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் பழம் பறிக்கப் போனார்கள், வொய்குவின் ஒரே மகளும் போனாள். ஊரில் கிழடுகளும் மணலும் மிஞ்சின.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆகஸ்ட் மாதத்தில் அவன் மனைவி ஸ்தன்கா செத்துப்போனாள். கடைசியில் அவள் தண்ணீர் கேட்டாள். வீட்டுக் கிணறு மணலில் தூர்ந்து போயிருந்ததால் அவன் வாளியை எடுத்துக்கொண்டு சர்ச் கிணற்றுக்கு ஓடினான், திரும்பி வந்தபோது அவள் வாய் திறந்தபடி இருந்தது, கண்ணும் திறந்தபடி இருந்தது. அந்தப் பக்கத்து ஜனங்களின் நம்பிக்கைப்படி செத்தவர்களுக்குத் தாகம் எடுக்கும். நாற்பது நாள், தினமும் காலையில், வயசுக்கு வராத சிறுமி ஒருத்தியோ பிள்ளை பெறும் வயதைக் கடந்த பெண் ஒருத்தியோ, கிணற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் இறைத்து, செத்தவர் பெயரைச் சொல்லி ஏதாவது ஒரு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டார் குடித்துவிட்டு 'போய்ச் சேரட்டும்' என்று சொல்ல வேண்டும். வாளிக்கு ஒன்றாகக் குச்சியில் வெட்டுப் போட்டு வந்து, நாற்பதாவது நாள் ஆற்றங்கரையில் சாட்சி சொல்லித் தண்ணீரை விடுவிக்க வேண்டும். அதுவரை செத்தவருக்கு அங்கே ஒரு சொட்டு கிடையாது.

ஸ்தன்காவுக்கு வாளி தூக்க யாரும் வரவில்லை. ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்திக்கு ரத்த அழுத்தம், எதிர்வீட்டு ஸாஃப்தா, ஸ்தன்காவின் உயிர்த்தோழி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வொய்குவே தூக்கினான். ஆண் தூக்கினால் கணக்கில் வராது என்று சொல்லிக் கதவைத் திறக்காமலே இருந்துவிட்டார்கள். ஒன்பது நாள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றுவிட்டு, ஒன்பது நாளும் தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டு, பத்தாவது நாள் வாளியைக் கவிழ்த்து வைத்தான். அதிலிருந்து அவன் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தாலும், அந்தப் பக்கம் பதினோரு வருஷமாக வாய் திறந்தபடி கிடக்கிறவள் ஞாபகத்துக்கு வந்துவிடுவாள். அவனுக்கு இனி வேண்டியது உலகத்தில் அவளுக்கான அந்த நாற்பது வாளி ஒன்றுதான்.

நிழல் வந்ததற்கு வருவோம். முதல் நாள் யாரும் கிட்டே போகவில்லை. இரண்டாவது நாள் ஆடுகள் போயின, ஆடுகளுக்கு எதிலும் சந்தேகம் கிடையாது. மூன்றாவது நாள் ஆடுகளைத் தேடிக்கொண்டு மனிதர்கள் போனார்கள், போனவர்கள் திரும்பி வரவில்லை, மாலை வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெயிலில் நடந்தவனுக்குத்தான் நிழலின் அருமை தெரியும், நிசிபெனிக்காரர்கள் இருபத்தைந்து கோடைகாலம் நடந்திருந்தார்கள். சீட்டாடுகிற கிழவர்கள் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். சூரியன் நகர நகர நிழலும் நகர்ந்ததால், அரை மணிக்கு ஒருமுறை எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியோடு இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்கள், அந்த இரண்டடியில் சீட்டைத் திருடுவதில் பிர்வு என்கிறவன் பேர் எடுத்தான்.

பிறகு சண்டை வந்தது. தன் கீற்றில் நின்ற மரத்தின் நிழல் காலையில் பக்கத்துக் கீற்றில் விழுகிறது, மதியத்துக்கு மேல் அடுத்த பக்கத்துக் கீற்றில் விழுகிறது, அப்படியென்றால் அது யாருடைய நிழல் என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கத்தியது. பத்திரத்தில் மரம் என்று போட்டிருக்கிறதே ஒழிய நிழல் என்று போடவில்லை என்று ஒரு கட்சி, மரத்தின் பிள்ளைதானே நிழல், தாயிருக்கிற இடம் பிள்ளைக்குச் சொந்தம் என்று இன்னொரு கட்சி. பாதிரியார் வந்து பார்த்து, நாலு பக்கமும் தீர்த்தம் தெளித்து, இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவரும் ஒரு நாற்காலி கேட்டார். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் கருவியோடு வந்து அளந்தார், நிழலுக்குள் ஆறு டிகிரி குறைவு. அவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் மரம், மேகம், கட்டடம் என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன, மேகம் என்று எழுதிக்கொண்டு போனார்.

மே மாதம் வந்ததும் நிழல்கள் பூத்தன. கொத்துக்கொத்தாகப் பூநிழல் மணலில் ஆடியது, வாசனை மட்டும் இல்லை. தேனீக்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறும் வாயோடு திரும்பிப் போயின. அதைப் பார்த்துப் பல பேருக்கு அழுகை வந்தது, ஆனால் அடுத்த நாளும் போய் உட்கார்ந்தார்கள்.

வொய்கு மட்டும் ஒருநாளும் அந்த நிழலுக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்று பார்ப்பான். ஒரு புதன்கிழமை காலையில் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியில் நின்றான், காட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு நிழலின் நுனி நடுங்குவதைப் பார்த்தான், அதற்குக் கீழே சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. பதினோரு வருஷமாகத் தானாக யாரிடமும் பேசாதவன், ரோட்டிலிருந்தே குரல் கொடுத்தான்.

"பிர்வு, நாற்காலியை எடு. அது விழப்போகுது."

எல்லோரும் திரும்பினார்கள். "எது விழப்போகுது?" என்றான் பிர்வு, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ உக்காந்திருக்கிறது. இந்தக் காட்டுல நான் முதல்முதலா ரம்பம் வெச்ச மரம் அதுதான்."

நிழல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சத்தமே இல்லாமல் நீளமாக விழுந்தது, கொஞ்ச நேரம் மணலில் கிடந்தது, பிறகு கொட்டிய தண்ணீர்போல மணலுக்குள் இறங்கிவிட்டது. பிர்வு கையில் சீட்டோடு கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை.

"அடுத்தது எது?" என்று கடைசியில் கேட்டான் பிர்வு. வொய்கு கையை நீட்டிக் காட்டினான், மதியத்துக்குள் அது விழுந்தது. மறுநாள் பதினெட்டு விழுந்தன, அதற்கு மறுநாள் இருபத்திரண்டு, முன்பு எந்த வரிசையில் வெட்டினானோ அதே வரிசையில். அந்த வரிசை உலகத்தில் ஒரே ஒரு மண்டைக்குள்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மேயர் ஒப்ரெயா, பிர்வு உட்பட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வொய்குவின் கேட்டைத் திறந்து உள்ளே வந்தான். ஸ்தன்கா போனபிறகு அந்தக் கேட்டைத் திறந்து வந்தவர்கள் தபால்காரனையும் மின்சாரக் கணக்கு எடுப்பவனையும் தவிர யாருமில்லை. வீட்டில் நாலு நாற்காலி இருந்தது, மூன்றில் தூசி படிந்திருந்தது, வொய்கு சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துப் போட்டான். எத்தனை கிளாஸ் எடுக்க வேண்டும் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. மூத்த ஆண்களை மரியாதையாக நேனே என்று கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம், மேயர் அவனை அப்படிக் கூப்பிட்டபோது அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"நேனே, நர்சரியில மிஞ்சின வேலங்கன்னு நானூறு அனுப்பியிருக்காங்க. லாரிக்காரன் இறக்கிட்டுப் போயிட்டான். வெறும் வெயில்ல நட்டா ஜூலையிலேயே கருகிடும். செப்டம்பர் கடைசி வரைக்கும் நிழல்ல இருந்தா வேர் பிடிச்சுக்கும். எந்தக் கீத்தோட நிழல் கடைசி வரைக்கும் நிக்கும்? உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

வொய்கு மேயரைப் பார்க்கவில்லை. கதவருகே உட்காராமல் நின்றுகொண்டிருந்த ஸாஃப்தாவைப் பார்த்தான். இரண்டு மகன்களையும் இத்தாலிக்கு அனுப்பிவிட்டு எதிர்வீட்டில் தனியாக இருப்பவள், அவன் வயதுக்காரி, ஊரில் இன்னும் வாளி தூக்கக்கூடிய தோள் இருக்கிற ஒரே பெண்.

"சொல்றேன். எனக்கும் ஒண்ணு செய்யணும். ஸ்தன்காவுக்குத் தண்ணி தூக்கணும். நாப்பது நாள். கதவைத் திறந்து வாங்கிக் குடிக்கணும்."

மேயர் ஸாஃப்தாவைப் பார்த்தான்.

"தர்பூசணி முடியட்டும்," என்றாள் ஸாஃப்தா. "ஆகஸ்ட் பாதிக்கு மேல தூக்கறேன். நான் சொன்னா சொன்னதுதான். இப்ப சொல்லு, எந்தக் கீத்து?"

இங்கேதான் வொய்குவுக்குச் சோதனை வந்தது. கடைசிக்கு முந்தின கீற்று பிர்வுவுடையது, ஆகஸ்ட் கடைசி வரை நிற்கும், அதைச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது, கன்றுகளில் பாதி பிழைத்தாலும் பிழைக்கும், அதற்குள் பாதித் தண்ணீரும் தூக்கி முடிந்திருக்கும். உண்மையான கடைசிக் கீற்றைச் சொன்னால், இருபத்தாறு வருஷமாக மூடி வைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு இந்தப் பெண் வாளியைத் தொடுவாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஸ்தன்காவின் திறந்த வாயை நினைத்துக்கொண்டான். நானூறு கன்றுகளையும் நினைத்துக்கொண்டான், அவற்றின் வேரைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டியிருப்பதை வழியில் பார்த்திருந்தான்.

"என்னோடதுதான்," என்றான்.

பிர்வு தொடையில் தட்டிச் சிரித்தான். "கேட்டீங்களா! நானூறு கன்னும் இவன் நிலத்துக்காம்! பாலுக்குக் காவல் வெச்ச பூனை!"

"உன் மரத்தை வெளியூர்த் திருடன் வெட்டிட்டுப் போயிட்டான்னுதானே ஊர்ல சொன்னே?" என்றாள் ஸாஃப்தா.

"பொய் சொன்னேன்." வொய்கு உட்கார்ந்திருந்த நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "கடைசியா நானேதான் வெட்டினேன். எல்லார் கீத்தும் மொட்டை, என்னோடது மட்டும் பச்சையா நின்னுது, நூத்திப் பத்து மரம். மணல் அப்பவே கிளம்பிடுச்சு, ரொட்டியில நறநறன்னு கடிபட்டுது, எனக்குத் தெரியாம இல்லை. ஸ்தன்கா காலைப் பிடிக்காத குறையாச் சொன்னா, இதையாவது விட்டுடுன்னு. ஆனா சர்ச்சுக்குப் போறப்ப வர்றப்ப எல்லாரும் என் மரத்தையே பாத்தீங்க. ஊரான் மரத்தையெல்லாம் சாய்ச்சிட்டுத் தன்னோடதை மட்டும் வெச்சிக்கிட்டான்னு பேசுவீங்களோன்னு எனக்குக் கூச்சமாப் போச்சு. அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த மூணு நாள்ல எல்லாத்தையும் வெட்டிட்டேன். யாரும் கூப்பிடலை. யாரும் கேக்கலை."

மேயர் எதையோ கணக்குப் போட்டான். "உங்க கீத்து வடக்குக் காத்து வர்ற வாய்ல இல்ல இருக்கு?"

"ஆமா."

"அது நின்னிருந்தா?"

"பாதி ஊர் தப்பிச்சிருக்கும்."

ஸாஃப்தா வெளியே போனாள். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். துடைத்து வைத்த நாற்காலிகள் அப்படியே கிடந்தன, வொய்கு அவற்றை இருட்டும்வரை எடுத்து வைக்கவில்லை.

சொன்னதை ஊர் லேசில் நம்பவில்லை. மறுநாள் மேயர் அவனை மேட்டில் நிறுத்தி, அன்று விழப்போகிற இருபது நிழல்களை வரிசையாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டான், இருபதும் எழுதியபடி விழுந்தன. அதன் பிறகு நானூறு கன்றையும் வொய்குவின் கீற்றில் நட்டார்கள், வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள், அவன் வாசலைக் கடந்துதான் போனார்கள், ஒரு வணக்கம் சொல்லவில்லை. ஆனால் தத்தம் கீற்று முடிகிற காலம் நெருங்கியபோது, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து வேலிக்கு வெளியே நின்று கேட்டார்கள், நாளைக்கா, நாளை மறுநாளா என்று. அவன் சொல்வான். அந்த நாளில் அந்த வீட்டார் நாற்காலி போட்டு, பிளம் சாராயம் எடுத்துவைத்து, இத்தாலியில் இருக்கிற பிள்ளைக்குப் போனில் காட்டியபடியே, தங்கள் கடைசி நிழலின் கீழ் உட்கார்ந்திருப்பார்கள். விழுந்ததும் நாற்காலியை மடக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வேலிக்கு வெளியே வந்து கேட்டவர்கள் மறுபடி வர வேண்டிய தேவை இல்லை, அதனால் வரவில்லை. கோடை போகப் போகக் காடு சுருங்கியது, நாளுக்கு விழுகிற நிழல்களும் சுருங்கின, வொய்குவைத் தேடி வருகிற ஆட்களும் சுருங்கினார்கள்.

ஆகஸ்ட் பாதியில் கடைசித் தர்பூசணி லாரி போனது. மே மாதமே செதுக்கி வைத்த குச்சியையும் பேனாக்கத்தியையும் மடியில் வைத்துக்கொண்டு வொய்கு விடிந்ததிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். ஸாஃப்தா வரவில்லை. இரண்டாவது நாளும் வரவில்லை. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ, இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கடைசிக் கீற்று எது என்பதைச் சொல்லிவிட்டான், கன்று நட்டாகிவிட்டது, இனி அவனிடம் ஊருக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? மூன்றாவது நாள் அவன் ஸ்தன்காவின் கல்லறைக்குப் போய், மூடியிருந்த மணலைக் கையால் வாரிவிட்டு, "நான்தான் கெடுத்துட்டேன், அப்பவும் நான்தான், இப்பவும் நான்தான்" என்று சத்தமாகவே சொன்னான். நாலாவது நாள் கதவைத் திறக்கவே இல்லை.

ஐந்தாவது நாள் காலையில் கேட்டை யாரோ காலால் உதைத்தார்கள். போய்ப் பார்த்தால் ஸாஃப்தா, இரண்டு கையும் வாளியில்.

"குச்சி எங்கே?" என்றாள். "வாளியோட அடி ஓட்டை. பத்த வைக்கக் குடுத்திருந்தேன். அதுக்குள்ள முகத்தைத் தூக்கி வெச்சிக்கிட்டியா?"

அதற்குப் பிறகு முப்பத்தொன்பது நாள் அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. விடிந்ததும் சர்ச் கிணற்றுக்குப் போவாள், இறைப்பாள், தெருவில் ஏதாவது ஒரு வாசலில் நிற்பாள், "ஸ்தன்காவுக்கு" என்பாள். வொய்கு பத்தடி பின்னால் குச்சியோடு நிற்பான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் திறக்காத கதவுகள் திறந்தன, ஒரு கை டம்ளரை நீட்டி மொண்டது, குடித்தது, போய்ச் சேரட்டும் என்றது. கத்தி குச்சியில் ஒரு வெட்டுப் போட்டது. இருபதாவது வெட்டுக்குப் பிறகு அவன் ஒரு கிளாஸ் தண்ணீரை நிறுத்தாமல் குடித்து முடித்தான். முப்பதாவது வெட்டில் ஸ்தன்கா வாயை மூடிக்கொண்டு தூங்குவதுபோல அவனுக்குத் தோன்றியது, அன்று அவனும் நன்றாகத் தூங்கினான்.

முப்பத்தொன்பதாவது நாள் காட்டில் ஒரே ஒரு நிழல் மிச்சமிருந்தது. அது எந்த மரம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், ஸ்தன்கா துணி காயப்போடக் கயிறு கட்டுகிற மரம். யாரும் நாற்காலி கொண்டுவரவில்லை, கேட்க வேண்டியவர்கள் எல்லாம் கேட்டு முடித்துவிட்டார்கள். அந்த வருஷத்தில் முதல்முறையாக வொய்கு நிழலுக்குள் போய் உட்கார்ந்தான். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அவனைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வேலங்கன்றுகள் நின்றன, நானூறில் முந்நூற்றுப் பன்னிரண்டு, எண்ணிப் பார்த்தான். நாலு மணிக்கு நிழல் நடுங்கியது. அவன் எழுந்து ஓரமாகப் போகவில்லை, உட்கார்ந்தபடியே இருந்தான், அது அவன் மேலேயே விழுந்து, கனமே இல்லாமல், அவன் மடி வழியாக மணலுக்குள் இறங்கிவிட்டது. வெயில் அடித்தது. அந்தக் கிழவன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்க்க யாருமில்லை என்கிற தைரியத்தில், வாய்விட்டு அழுதான்.

நாற்பதாவது நாள் குதிரை வண்டியில் ஆற்றங்கரைக்குப் போனார்கள். ஸாஃப்தா பாதிச் சுரைக்குடுக்கையில் மெழுகுவத்தி ஏற்றித் தண்ணீரில் விட்டாள், கடைசி வாளியை ஆற்றில் ஊற்றினாள். "சூரியன் சாட்சி, ஆறு சாட்சி, நாப்பது வாளித் தண்ணி, ஸ்தன்காவுக்கு, இனி அவளுக்குத் தாகமில்லை" என்று மூன்று முறை சொன்னாள். வொய்கு குச்சியை உடைத்து எறிந்தான். சுரைக்குடுக்கை சுற்றிச் சுற்றிப் போய் வளைவில் மறைந்தது.

திரும்பி வருகிற வழியில், ஊர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது ஸாஃப்தா பேசினாள், முகத்தைக் குதிரையின் வாலைப் பார்த்து வைத்துக்கொண்டு.

"நீ பயந்தது சும்மா இல்லை."

"எதைச் சொல்றே?"

"சர்ச் வாசல்ல நான்தான் முதல்ல சொன்னேன். இவனோடது மட்டும் எப்படி நிக்குது பாருங்கன்னு. ஸ்தன்கா பக்கத்துல நின்னா. அவ காதுல விழட்டும்னுதான் சொன்னேன். எனக்குப் பொறாமை. என் விறகு அடுப்புல எரிஞ்சு முடிஞ்சிருந்துது, உன் மரம் நின்னுது." கொஞ்ச தூரம் போனபிறகு, "அவளுக்குத் தண்ணி தூக்காததும் அதனாலதான். எந்த முகத்தோட அவ பேரைச் சொல்றது?" என்றாள்.

வொய்கு கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை, மிகவும் களைப்பாக மட்டும் இருந்தது. வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டு, நன்றி என்று சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். நிழல் முடிந்தது, தண்ணீர் முடிந்தது, கன்றுகள் இனி தாமாக வளரும், அவனைக் கேட்க ஊருக்கு ஒன்றுமில்லை. உள்ளே போய் மூன்று நாற்காலிகளையும் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தான்.

மறுநாள் விடிந்ததும், கிணற்றுச் சங்கிலி சத்தம் கேட்டுப் பழகிப்போன காது தானாக விழித்துக்கொண்டது. கனவு என்று நினைத்தான். வாசலுக்கு வந்தால் ஸாஃப்தா நிறைந்த வாளியோடு தெருவில் வந்துகொண்டிருந்தாள்.

"நாப்பதும் முடிஞ்சுபோச்சே," என்றான் வொய்கு.

"அவளோடது முடிஞ்சுது."

"அப்ப இது யாருக்கு?"

"உனக்கு." அவள் வாளியைக் கீழே வைத்து மூச்சு வாங்கினாள். "உன் பொண்ணு ஸ்பெயின்ல. நீ செத்தா சேதி போய், அவ லீவு வாங்கி வர்றதுக்குள்ள புதைச்சிருப்பாங்க. நீ போற வரைக்கும் எனக்கு உசுரு இருக்கும்னு என்ன நிச்சயம்? தோள்ல பலம் இருக்கிறப்பவே தூக்கிடறேன். உசுரோட இருக்கிறவங்களுக்கும் செய்யலாம்னு பாதிரியாரைக் கேட்டுட்டேன்."

"அப்ப உனக்கு யார் தூக்குவா?"

"முதல்ல உன்னோடது முடியட்டும். போய் ஒரு குச்சி எடுத்துட்டு வா, சும்மா நிக்காதே."

வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் தெருவைக் கடந்து, பிர்வுவின் கதவைத் தட்டினாள். வொய்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான். கதவு திறந்தது. "வொய்குவுக்கு," என்றாள் ஸாஃப்தா. பிர்வு தலையை நீட்டி, எதிர்ப்பக்கம் உயிரோடு நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், டம்ளரை எடுக்க உள்ளே போனான். அவன் மொண்டு குடிக்கிற சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது. கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, செத்தவர்களுக்கு மட்டுமே சொல்லிப் பழகியதை உயிரோடு இருக்கிறவனுக்குச் சொல்லத் தெரியாமல், கொஞ்சம் தடுமாறித்தான் சொன்னான்.

"போய்ச் சேரட்டும்."